பின் பாடியில் ஃபிரிட்ஜா, ஐஸ் பெட்டியா?

ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-இல் சந்தைக்கு வந்தது. அதுவும் குட்டி யானையும் பொலிரோ பிக்கப்பும் இல்லையென்றால் இந்த எல்லைப் பக்கத்தில் பாதிச் சரக்கு நகராது. சிப்காட் கேன்டீன்களுக்குத் தயிர், பனீர் கொண்டுபோகிறவர்கள் வெயில் ஏறும் மாதங்களில் கேட்பது ஒன்றுதான்: பின்னால் 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஒன்றைப் பொருத்திவிடலாமா?

சரக்கு என்ன என்பதைப் பொறுத்துத்தான் பதில். ராயக்கோட்டைத் தக்காளிக்கும் கிருஷ்ணகிரி மாங்காய்க்கும் ஃபிரிட்ஜ் நல்லதல்ல. 10 டிகிரிக்குக் கீழே வைத்தால் சுவையும் பழுப்பதும் கெடும். தளி ரோஜாவுக்கு 2 முதல் 4 டிகிரி வேண்டும்தான். ஆனால் 50 லிட்டர் பெட்டிக்குள் எத்தனை கட்டு திணிப்பீர்கள்? பூ வியாபாரத்துக்கு பஃப் பாடி கட்டிய வண்டியை வாடகைக்கு எடுப்பதே கணக்கு. பால் பொருள், மீன், ஐஸ்கிரீம், கால்நடைத் தடுப்பூசி, இவற்றுக்குத்தான் இந்தப் பேச்சு.

இந்தச் சிறு ஃபிரிட்ஜ், குளிர்ந்ததைக் குளிராகவே வைத்திருக்கும். சூடானதைக் குளிர்விக்கத் திணறும். கறந்த சூட்டில் இருக்கும் 20 லிட்டர் பாலை 4 டிகிரிக்குக் கொண்டுவர, 50 வாட் கம்ப்ரசர் பத்து மணி நேரமாவது ஓட வேண்டும். அதே வேலையை ஏழெட்டுக் கிலோ ஐஸ்கட்டி வெகு சீக்கிரம் முடித்துவிடும். காலையில் ஏற்றி மதியத்துக்குள் இறக்கிவிடுகிறவருக்கு நல்ல பஃப் பெட்டியும் ஐஸும் போதும் என்பேன். ஐஸ் உருகி அட்டைப்பெட்டி நனைகிறதென்றால், இரவில் உறையவைத்து எடுத்துவரும் ஜெல் தகடுகள் இருக்கின்றன. தடுப்பூசி மட்டும் வேறு கதை. அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தால் வீண். ஐஸோடு ஒட்டி வைப்பது ஆபத்து என்பதால் அங்கே கம்ப்ரசர் ஃபிரிட்ஜுக்கே என் ஓட்டு. நாள் முழுக்கக் கடை கடையாக நின்று மூடியைத் திறப்பவருக்கும் அதுதான்.

கம்ப்ரசர் இல்லாத மலிவு ‘கார் கூலரை’ நம்பாதீர்கள். வெளி வெப்பத்தைவிட 15, 20 டிகிரிதான் இறக்கும். ஓசூர் மேட்டுநிலம், ஓரளவு தப்பிக்கலாம். சூளகிரி தாண்டிக் கிருஷ்ணகிரிக்கு இறங்கினால் வெயில் 38-ஐத் தொடும் நாளில் உள்ளே 20 டிகிரி, பால் திரிந்துபோகும். வீட்டு ஃபிரிட்ஜை இன்வெர்ட்டரில் ஓட்டும் யோசனையையும் விட்டுவிடுங்கள், அது குலுக்கலுக்குச் செய்ததல்ல.

வாங்கிவிட்டீர்கள் என்றால், எந்தக் கம்பெனி என்பதைவிட எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். கேபினை ஒட்டிய இடமே சிறந்தது. பின் அச்சுக்கு அப்பால் வைத்தால் காலி வண்டி ஓடும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப்போடும். சரக்கோடு 50 கிலோ இருக்கும் பெட்டி, சடன் பிரேக்கில் ஏறத்தாழ 40 கிலோ விசையோடு முன்னால் பாயும். கேபின் பக்கத் தடுப்பு அதைத் தாங்கும். பக்கக் கதவு இறங்கும் வண்டியில் அங்கேயும் கை எட்டும். ஆகவே இழுத்து வெளியே எடுக்கும் ஸ்லைடு தட்டு வெட்டிச் செலவு. டி-மேக்ஸ் போல பக்கச்சுவர் நிலையாக இருக்கும் பிக்கப்புக்குத்தான் அது தேவை.

போல்ட்டா, பெல்ட்டா? தினமும் வேறு லோடு ஏற்றுகிறவர் ராட்செட் பெல்ட் போட்டால் போதும். கொக்கியைத் தரையில் வெல்டு செய்த வளையத்தில் மாட்டுங்கள், பெட்டியின் பிளாஸ்டிக் கைப்பிடியில் வேண்டாம். நிரந்தரமாக வைப்பதென்றால் போல்ட். துளை போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்: டீசல் டேங்க், பிரேக் குழாய், வயர்க் கட்டு எங்கே போகிறதென்று. பெரிய வாஷர் போட்டு, துளையின் ஓரத்தில் துருத்தடுப்புப் பெயின்ட் அடியுங்கள். அடியில் கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்றைப் போட்டால் அதிர்வு குறையும். காற்றுத் துவாரம் இருக்கும் பக்கம் அரைச் சாணாவது இடம் விடுங்கள். தார்ப்பாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் கம்ப்ரசர் தன் சூட்டிலேயே வெந்துவிடும்.

லைட்டர் சாக்கெட்டிலிருந்து மெல்லிய வயர் இழுப்பதுதான் பரவலான தவறு. நாலு மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மி.மீ. வயர் போட்டால், 5 ஆம்பியர் ஓடும்போது 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரியில் மின்சாரம் இருந்தும் ஃபிரிட்ஜ் ‘லோ வோல்டேஜ்’ காட்டி நிற்கும். 4 சதுர மி.மீ. வயரில் இழப்பு 0.2 வோல்ட்டுக்கும் கீழே. நேராகப் பேட்டரியிலிருந்து எடுத்து, பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். அத்திப்பள்ளி நெரிசலில் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றாலும், 60 ஆம்பியர்-அவர் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் சில மணி நேரம் தாங்கும். குறைமின்னழுத்தத்தில் தானே அணையும் வசதியை மட்டும் ‘ஹை’ நிலையில் வையுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆக மிச்சம் வேண்டுமே.

தொழில் வளர்ந்து பாடியையே குளிர்ப் பாடியாக மாற்றினால் அது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-க்குள் வரும். பட்டறைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் ஆர்.டி.ஓ. அனுமதியை வாங்கிவிடுங்கள், மாற்றம் ஆர்.சி.யிலும் ஏற வேண்டும்.