ஒரே தண்ணீர், மூன்று வாசிப்பு

கேள்வி: கல்லடிப் பாலத்தடி வாவித் தண்ணீரின் உப்பை மோர் முறையில், வெள்ளி நைத்திரேற்றால் நியமித்தோம். மூன்று தரமும் மூன்று வாசிப்பு. எங்கே பிழை? – உயர்தர மாணவி, மட்டக்களப்பு

பதில்: முதலில் அளவியின் நுனியைப் பாருங்கள், தங்கச்சி. அங்கே காற்றுக்குமிழி ஒளிந்திருந்து இடையில் வெளியேறினால் வாசிப்பு கூடிவிடும். பிறகு கண். பிறையுருவின் அடி கண்மட்டத்தில் இருக்கவேண்டும். பின்னால் வெள்ளைத்தாள் பிடியுங்கள். 0.1 மில்லிலீற்றர் கோடுகளுக்கு இடையில் 0.05 வரை மதிக்கலாம்.

பலரை ஏமாற்றுவது முடிவுப்புள்ளிதான். வெண்வீழ்படிவில் லேசான செங்கபிலம், குலுக்கியும் மறையாமல் நின்றால் அந்தத் துளியோடு நிறுத்துங்கள். செங்கல் நிறம் வரட்டும் என்று காத்திருந்தால் தாண்டிவிட்டீர்கள்.

மூன்றும் ஒரே போத்தல் தண்ணீர்தானே? வேறு வேறு நாளில் எடுத்ததென்றால் வாசிப்பும் மாறும். முகத்துவாரம் திறந்தால் கடல்நீர் ஏறும். மாரியில் வெள்ளம் கலக்கும். வாவி ஒருநாள்போல் மறுநாள் இராது.

வெள்ளி நைத்திரேற்று பட்டு விரல் கறுத்ததா? சில நாளில் போய்விடும்.