முடங்கிய கணினியின் கடைசிச் செய்தி

கணினியில் ஒரு செயலி பழுதானால், அதை மட்டும் மூடிவிட்டு மற்ற வேலைகளைத் தொடரலாம். ஆனால், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் பழுதானால் நிலைமை வேறு. நினைவகம், விசைப்பலகை, திரை, வன்தட்டு ஆகிய அனைத்தையும் கெர்னல்தான் ஆள்கிறது. அது தடுமாறினால் கணினி முழுவதுமே உறைந்துவிடக்கூடும்.

அத்தகைய வேளையில் லினக்ஸ் கெர்னல் ஓர் அறிக்கையை எழுதுகிறது. நிரலாளர்கள் அதை ‘ஊப்ஸ்’ என்று அழைக்கிறார்கள். கைதவறிக் கோப்பையை உடைத்தவர் சொல்லும் அதே சொல்தான்! பிழை நேர்ந்தபோது எந்தச் செயற்கூறு இயங்கிக்கொண்டிருந்தது, அதை அழைத்தது எது, அதற்கு முன் அழைத்தது எது என்னும் வரிசை அதில் இருக்கும். பிழையைத் தேடுபவருக்கு இவ்வரிசை காலடித் தடங்களைப் போன்றது.

தொடக்க காலத்தில் இத்தடங்களைப் படிப்பது எளிதாக இல்லை. செயற்கூறுகளின் பெயர்களுக்குப் பதிலாக நினைவக முகவரிகளே வெறும் எண்களாக அச்சாயின. ஒரு கணினியில் ஓர் எண் குறிக்கும் செயற்கூறு வேறு, மற்றொரு கணினியில் அதே எண் குறிப்பது வேறு. ஆகவே, பயனரே தம் கணினியில் உள்ள பெயர்ப் பட்டியலைக் கொண்டு எண்களைப் பெயர்களாக மாற்றி அனுப்ப வேண்டியிருந்தது. பழைய பட்டியலைத் தவறுதலாகப் பயன்படுத்திவிட்டால், சற்றும் தொடர்பில்லாத பெயர்கள் வரும். பிழை ஓரிடத்தில் இருக்க, நிரலாளர் வேறோர் இடத்தில் தேடிக்கொண்டிருப்பார். அறிக்கையே இல்லாததைவிட இது மோசம்.

2003ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான 2.6 பதிப்பில், கெர்னலே பெயர்ப் பட்டியலைத் தன்னுள் வைத்துக்கொண்டு பெயர்களை நேரடியாக அச்சிட்டது. சிறிதளவு நினைவகம் கூடுதலாகச் செலவாயிற்று. ஆயினும், பயனர் அனுப்பிய அறிக்கையை நம்பிப் படிக்க முடிந்தது.

மற்றொரு சிக்கல் எஞ்சியிருந்தது. அறிக்கையை எங்கே சேமிப்பது? பழுதான கெர்னல் வன்தட்டில் எழுத முயன்றால், நல்ல கோப்புகளும் கெட்டுப்போகலாம். அதனால் பலர் திரையைப் பார்த்துத் தாளில் எழுதினர். பின்னாளில் படம் பிடித்தனர். திரையிலோ கடைசி வரிகளே எஞ்சியிருக்கும். முதல் பிழையைக் கூறும் வரிகள் மேலே நகர்ந்து மறைந்திருக்கும். முக்கியமானவை அந்த முதல் வரிகள்தாம். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள்.

2005இல் ஒரு வழி பிறந்தது. நினைவகத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே ஒதுக்கி, அங்கே இரண்டாவது கெர்னல் ஒன்றைக் காத்திருக்கச் செய்தனர். முதலாவது விழுந்ததும் இரண்டாவது எழுந்து, நினைவகத்தில் இருந்தவற்றை அப்படியே நகலெடுத்துச் சேமிக்கும். அந்நகலில் பயனரின் கடவுச்சொற்களும் மடல்களும்கூடச் சிக்கியிருக்கலாம் என்பதால், அதை எவருக்கும் எளிதில் கொடுத்துவிட முடியாது.

வீட்டுக் கணினிகளுக்கு இன்னும் எளிய முறை 2024இல் வந்தது. லினக்ஸ் 6.12 பதிப்பில், அறிக்கையைச் சுருக்கிக் கியூஆர் குறியீடாகத் திரையில் காட்டும் வசதி சேர்க்கப்பட்டது. விண்டோஸ் 10இன் நீலத் திரையில் 2016இலேயே கியூஆர் குறியீடு வந்துவிட்டது உண்மைதான். ஆனால், அது பயனரைப் பொதுவான உதவிப் பக்கத்துக்கே அழைத்துச் சென்றது. லினக்ஸின் குறியீட்டிலோ, கெர்னல் கடைசியாக எழுதிய வரிகளே அடங்கியுள்ளன. கைப்பேசியால் அதை வருடினால், ஓர் எழுத்தும் பிசகாமல் அவ்வரிகள் நிரலாளரைச் சென்றடையும்.