டேனிய உதைபந்து வீரர் ஜான் ஹான்சன்

ஊதியம் பெறாது ஆடுபவனே மெய்யான விளையாட்டு வீரன் என்னும் கொள்கை டென்மார்க்கு தேசத்தில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. அக்கொள்கையால் ஒருவர் இழந்தது யாதென்பதை ஈண்டு ஆராய்வாம்.

1924இல் பிறந்த ஜான் ஹான்சன், கோப்பன்ஹேகன் நகரத்துப் பிரெம் சங்கத்தைச் சார்ந்தவர். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் டேனியர் இத்தாலியரை 5-3 என வென்றனர். அவ்வைந்தனுள் நான்கு கோல்கள் இவர் அடித்தவை. டேனியர் மூன்றாமிடத்துப் பதக்கத்துடன் ஊர் திரும்பினர். தோல்வியுற்ற இத்தாலியரோ இவரை மறந்தாரல்லர். அவ்வாண்டே தூரின் நகரத்து யுவெந்துஸ் சங்கத்தார் இவரை ஊதியத்திற்கு அமர்த்திக்கொண்டனர்.

ஊதியம் பெற்றவர்க்குத் தாய்நாட்டுக் குழுவில் இடமில்லை என்பது டேனியச் சங்கத்தின் விதி. எட்டே ஆட்டங்களில் பத்துக் கோல்கள் அடித்த இவருக்கு இருபத்துநான்காம் வயதிலேயே அவ்வாயில் அடைபட்டது. தச்சன் தன் கைத்தொழிலுக்குக் கூலி பெறுதல் இழுக்கன்றே. பந்தாடுவோனுக்கு மட்டும் அஃது இழுக்காவது எங்ஙனம் என நாம் வியக்கின்றோம். விதியை வகுத்தோர் பணத்தாசை ஆட்டத்தைக் கெடுக்குமென அஞ்சினர் போலும்.

யுவெந்துஸ் 1935க்குப்பின் 1950இல்தான் மீண்டும் இத்தாலிய லீக்கில் வாகை சூடியது. இடப்புற ஓரத்தில் இவர்தம் நாட்டவராகிய கார்ல் ஆகே பிரெஸ்டும் உடனாடினார். 1952இல் மறுமுறை வெற்றி. அப்பருவத்தில் 30 கோல்கள் அடித்து ஹான்சனே லீக்கில் முதல்வரானார். ஆறு பருவங்களில் அச்சங்கத்திற்காக லீக்கில் இவர் அடித்தவை நூற்றிருபதுக்கும் மேல். 1954இல் உரோமை நகரத்து லாத்சியோ சங்கத்தை அடைந்து, பின்னர்ப் பழைய பிரெம் சங்கத்திற்கே மீண்டார்.

டேனியர் அவ்விதியை 1971இல் நீக்கினர். ஹான்சன் ஆட்டத்தை விட்டு அப்போது பல்லாண்டுகள் கழிந்திருந்தன.