ஒரு சொல்லின் விலை

வாணிகம் ஊதியத்தை மட்டுமன்றி இடரையும் உடன்கொண்டு வருவது. சரக்கேற்றிய கப்பல் புயலில் மூழ்கலாம். பண்டகசாலை தீக்கு இரையாகலாம். அத்தகைய இழப்பைத் தனியொருவர் தாங்குதல் அரிது. ஆதலின், வணிகர் பலரும் பிரீமியம் எனப்படும் தொகையைக் காப்பீட்டு நிறுவனத்திற்குச் செலுத்துகின்றனர். அவருள் ஒருவர்க்கு இழப்பு நேரின், பலரும் செலுத்திய பொருளிலிருந்து அஃது ஈடு செய்யப்படும். எவ்வெவ்விழப்பிற்கு ஈடு உண்டு, எதற்கு இல்லை என்பதைக் காப்பீட்டுப் பத்திரம் வரையறுக்கும்.

தீயும் புயலும் தொன்றுதொட்டு அறிந்த இடர்கள். கணிப்பொறி வழியாக வரும் இடரோ புதியது. அதன் கொடுமையை 2017ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் உலகம் கண்டது. உக்ரைன் நாட்டு நிறுவனங்கள் பல, கணக்கெழுதப் பயன்படுத்திய மென்பொருள் ஒன்றின் வழியாக, 'நாட்பெட்யா' என்னும் தீய நிரல் பரவியது. பணம் கொடுத்தால் கோப்புகளை மீட்டுத் தருவதாக அது கூறியது. உண்மையில் அழிப்பதே அதன் தொழில். உக்ரைனில் தோன்றிய அக்கேடு, சில மணி நேரத்தில் பல நாடுகளுக்கும் பரவியது.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள மெர்க் என்னும் மருந்து நிறுவனமும் அதற்குத் தப்பவில்லை. அதன் கணிப்பொறிகளுள் 40,000க்கும் மேற்பட்டவை பழுதுற்றன. மருந்து உற்பத்தி தடைப்பட்டது. இழப்பு ஏறத்தாழ 140 கோடி டாலர் எனக் கணக்கிடப்பட்டது.

மெர்க் தன் உடைமைகளுக்குக் காப்பீடு செய்திருந்தது. கணிப்பொறித் தரவுகளின் அழிவும் அப்பத்திரத்தில் அடங்கியிருந்தது. எனினும், காப்பீட்டு நிறுவனங்கள் பொருள் தர மறுத்தன. போரினாலும் போர் போன்ற பகைச்செயலாலும் விளையும் இழப்பிற்கு ஈடு இல்லை என்னும் விதியை அவை எடுத்துக்காட்டின. இத்தாக்குதல் ரஷ்யப் படையின் செயல் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் 2018இல் அறிவித்திருந்தன. ரஷ்யா அதனை மறுத்தது.

வழக்கு 'போர்' என்னும் ஒரு சொல்லின் பொருளைப் பற்றியதாயிற்று. படைக்கலம் ஏந்திப் பொருவதையே அவ்விதி குறிக்கும் என நீதிமன்றம் 2021இல் கருதியது. இணையத் தாக்குதல்கள் பெருகியதை அறிந்தும் காப்பீட்டாளர் விதியின் சொற்களை மாற்றவில்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. 2023 மே மாதம் மேல்முறையீட்டிலும் மெர்க்கே வென்றது. மாநில உச்ச நீதிமன்றம் விசாரிக்கும் முன், 2024 ஜனவரியில் இருதரப்பாரும் உடன்பாடு கண்டனர்.

காப்பீட்டாளரும் பாடம் கற்றனர். கப்பல் காப்பீட்டிற்குப் புகழ்பெற்ற இலண்டன் லாயிட்ஸ் சந்தை, 2023 மார்ச் 31 முதல் புதிய விதியொன்றை நடைமுறைப்படுத்தியது. ஓர் அரசின் துணையோடு நிகழ்ந்து, ஒரு நாட்டின் இயக்கத்தையே பெரிதும் குலைக்கும் இணையத் தாக்குதல்களை, இணையக் காப்பீட்டுப் பத்திரங்கள் தெளிவாக விலக்க வேண்டும் என்பதே அது. முன்னர் ஈடு பெற்ற இழப்பு, இனி ஈடு பெறாது போகவும் கூடும்.

ஆதலின், பத்திரம் கையில் இருப்பதனாலேயே காப்பு உண்டு என்று எண்ணுதல் தவறு. அதன் ஒவ்வொரு சொல்லையும் கையொப்பமிடுமுன் படித்தறிதல் வேண்டும். தரவுகளின் படியை வேறிடத்தில் சேமித்தலும், மென்பொருளைப் பழுதறப் பேணுதலும் இன்றியமையாதன. காப்பீடு இழந்த பொருளுக்கு ஈடு தரும். அழிந்த ஏட்டை மீட்டுத் தராது.