கல்லாவில் உட்கார்ந்து கதை எழுதலாமா?

கேள்வி: அப்பாவின் உரக்கடையைப் பார்த்துக்கொண்டே கதை எழுதுகிறேன். எதற்குப் பிறந்தேன் என்றே புரியவில்லை. எழுதியதை வெளியிட்டால் ஊர் சிரிக்குமோ என்று பயம். கடையை விட்டுவிடலாமா?
(ஒரு வாசகர், பாபநாசம்)

பதில்: கடையை விடாதீர்கள். பக்கத்துக் கும்பகோணத்தில் எம்.வி. வெங்கட்ராம் (1920–2000) என்று ஒருவர் இருந்தார். சௌராஷ்டிரக் குடும்பம், ஜரிகை வியாபாரம். பதின்வயதிலேயே ‘மணிக்கொடி’ இதழில் கதை வந்துவிட்டது. ‘தேனீ’ என்று பத்திரிகை நடத்தினார், நீடிக்கவில்லை. நெசவாளர் படும் பாட்டை ‘வேள்வித் தீ’ நாவலாக்கினார்.

அதைவிடத் துணிச்சலானது இன்னொன்று. அவருக்குக் காதுக்குள் ஓயாமல் குரல்கள் கேட்டன. கேலி, வசவு, ஆபாசம். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று யாரும் மூடிமறைக்கிற சங்கதி. அதையே ‘காதுகள்’ என்று நாவலாக எழுதினார். 1993இல் சாகித்திய அகாதெமி விருது. விருது கிடக்கட்டும், உங்களுக்கு ஊர் சிரிக்குமோ என்ற பயம், அவருக்கோ சிரிப்பே காதுக்குள் குடியிருந்தது.

பிறவிப்பயன் விசாரத்தை ஓரங்கட்டுங்கள். குறுவைக்குக் கடனில் டி.ஏ.பி. மூட்டை கேட்க வந்து, கேட்க வாய் வராமல், மழையைப் பற்றியே பேசிக்கொண்டு நிற்பாரே ஒருவர், அவரை எழுதுங்கள். பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள். பாக்கி வசூலாக வேண்டுமே!