அரம் பிடிக்கப் பழகு

அம்பத்தூர்

அன்புள்ள மருமகனுக்கு,

பர்மிங்ஹாம் சைக்கிள் பட்டறையில் சேர்ந்து இத்தனை நாளாகியும் கையில் டார்ச் தரவில்லை, குழாயை அராவிக்கொண்டே இருக்கிறேன் என்று அலுத்து எழுதியிருக்கிறாய். அவ்வளவு சீக்கிரம் தராதவர்தான் நல்ல மேஸ்திரி.

நான் இங்கே டிஐ சைக்கிள் ஆலையில் குழாய்களை ஒட்டும் பிரேசிங் பிரிவில் இருந்தவன். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய ஆலை. நீ அராவும் ரெனால்ட்ஸ் குழாயும் அந்நாளில் அதே கம்பெனிக் குடும்பம்தான். நமக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள். ஆனால் எங்களுக்குக் குழாய் அளவாக வெட்டி வரும், ஜிக்கில் மாட்டி ஒட்டுவோம். நீ ஒருவருடைய காலும் கையும் அளந்து அவருக்கென்றே ஃப்ரேம் செய்யக் கற்கிறாய். அது வேறு வேலை.

குடைந்த நுனியை அடுத்த குழாயின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடி. இடுக்கில் ஒளி தெரிந்தால் மறுபடி அராவு. உருகிய வெள்ளியோ பித்தளையோ மயிரிழை இடைவெளிக்குள்தான் தானாக இழுபடும். பள்ளம் விட்டால் நிரம்பும், பிடிக்காது. நிரப்புகிற நேரமெல்லாம் குழாய் வெந்துகொண்டிருக்கும். நல்ல குழாய் நுனியில் 0.8 மில்லிமீட்டர், நடுவில் 0.5 தானே!

வெள்ளிக் கம்பி ஏறக்குறைய 650 டிகிரியில் ஓடும். பித்தளைக்கு 900-ஐ நெருங்க வேண்டும். டிகிரி கண்ணுக்குத் தெரியாது, மூட்டில் பூசிய ஃப்ளக்ஸைப் பார். கொதித்து, வெளுத்து, தண்ணீராய்த் தெளிந்தால் நேரம் வந்தது. கருகினால் நிறுத்திவிடு, அங்கே உலோகம் ஏறாது. கம்பியை நெருப்பில் காட்டி உருக்காதே, குழாயின் சூட்டிலேயே உருகட்டும். சூடு இருக்கும் பக்கம்தான் அது ஓடும்.

ரிப்பேருக்கு வரும் பழைய ஃப்ரேம்களைக் கேட்டு வாங்கு. விட்டுப்போன மூட்டை அறுத்துப் பார்த்தால், செய்தவன் எங்கே அவசரப்பட்டான் என்று தெரிந்துவிடும். (கிராங்க் அச்சைத் தாங்கும் பிபி கப்பைக் கழற்றும்போது கவனம்: ஆங்கில மரையில் வலப்பக்கம் எதிர்மரை. பலம் காட்டினால் மரை போய்விடும்.)

நீ அவசரப்படாதே. அமெரிக்காவின் ரிச்சர்ட் சாக்ஸ் 1972-ல் லண்டன் விட்கோம் பட்டறையில் வேலை பழகினார். தன் பெயரில் ஃப்ரேம் செய்ய ஆரம்பித்தது 1975-ல்தான்.

வருமானம் பற்றி உன் அம்மா கவலைப்படுகிறாள். புது ஃப்ரேமை மட்டும் நம்பினால் அடுப்பெரியாது; பெயிண்டும் ரிப்பேரும் சேர்த்துக் கற்றுக்கொள். அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அடுத்த கடிதத்தோடு நீ அராவிய மூட்டின் போட்டோ ஒன்று அனுப்பு. பெயிண்ட் அடித்தது வேண்டாம்.

உன் மாமா