சாயத்தொட்டியின் சூடும் தாமதக் கணக்கும்

ஒரு சங்கத்தின் சாயச்சாலையை அண்மையில் பார்வையிட்டோம். நீராவி வால்வைத் தானே திறந்து மூடும் கருவி அங்குண்டு. தொட்டியின் சூடு 60 டிகிரியில் நிற்க வேண்டும். அதுவோ 54க்கும் 67க்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருந்தது. ஒரே பாவில் இரு சாயல் தெரிவதாக நெசவாளர்கள் முறையிட்டனர். திரும்பி வந்த சேலைகளின் நஷ்டம் சங்கக் கணக்கில் ஏறியிருந்தது. புதிய கருவி வாங்க நிர்வாகக் குழுவினர் தீர்மானம் எழுதி வைத்திருந்தனர். உண்மையில் கருவியில் பழுதேதும் இல்லை.

வெப்பமானியைத் தொட்டியில் வைக்காமல், சாயநீர் சுற்றிவரும் குழாயில் 12 மீட்டர் தள்ளிப் பொருத்தியிருந்தனர். நீரின் வேகம் விநாடிக்கு 10 சென்டிமீட்டர். ஆகவே தொட்டியில் நிகழும் மாற்றம் 2 நிமிடம் கழித்தே கருவிக்குத் தெரியும். அதற்குள் கருவியோ, சூடு ஏறவில்லையென்று வால்வை மேலும் திறந்துவிடுகிறது. செய்தி வந்து சேரும்போது சூடு மிஞ்சிவிடுகிறது; பின்னர் மூடுவதிலும் அவ்வாறே மிஞ்சுகிறது. தொலைவிலுள்ள மதகைத் திறந்துவிட்டு வரப்பில் காத்திருக்கும் விவசாய அங்கத்தினர்கள் இதனை நன்கறிவர்.

கருவிக்கு நாம் குறித்துக் கொடுக்க வேண்டியவை இரண்டு. ஒரு டிகிரி குறைந்தால் வால்வை எத்தனை சதவீதம் திறப்பது என்பது பெருக்கம். குறை நீடித்தால் எத்தனை நிமிடத்தில் அதே அளவை மீண்டும் கூட்டுவது என்பது நேரம்.

கருவியைக் கைமுறைக்கு மாற்றி, வால்வை 5 சதவீதம் கூடுதலாகத் திறந்து, கடிகாரமும் தாளுமாக அமர்ந்தோம். (நூல் தொட்டியில் இல்லாத நாளில் செய்க, ஒன்றரை மணி நேரப் பொறுமை வேண்டும்.) 2 நிமிடம் அசைவில்லை. பிறகு ஏறி, முடிவில் 10 டிகிரி கூடி நின்றது. அதாவது 1 சதவீதத்துக்கு 2 டிகிரி. ஏறத் தொடங்கியதிலிருந்து 63 சதவீதமாகிய 6.3 டிகிரியை எட்ட 20 நிமிடமாயிற்று.

1942இல் அமெரிக்கரான சீக்லரும் நிக்கல்ஸும் தந்த விதிப்படி, 20ஐ 2×2ஆல் வகுத்து 0.9ஆல் பெருக்கினால் பெருக்கம் 4.5; நேரம், தாமதத்தின் 3.33 மடங்காகிய 6.7 நிமிடம். ஒவ்வொரு ஊசலும் முந்தியதில் கால் பங்காகத் தேய்ந்தால் போதுமென்பது அவர்கள் நோக்கம். நிறம் பிடிக்கும் வேலைக்கு அவ்வளவு ஆட்டமும் ஆகாது. 2003இல் நார்வே பேராசிரியர் ஸ்கோகெஸ்டாட் வெளியிட்ட விதி நிதானமானது: பெருக்கம் 20÷(2×2×2), அதாவது 2.5, நேரம், 20 நிமிடம் அல்லது தாமதத்தின் 8 மடங்கு, இவற்றில் குறைந்ததாகிய 16 நிமிடம். நாம் இதனையே வைத்தோம். அங்கு முன்பிருந்த பெருக்கம் 9! ஊசல் அன்றே அடங்கிற்று.

எனினும் எண்ணை மாற்றுவதைவிடத் தாமதத்தைக் குறைப்பதே மேல். வெப்பமானியைத் தொட்டியிலிருந்து 3 மீட்டருக்குள் மாற்றச் சொன்னோம். குழாய்வேலைக்காரர் ஒருவரின் ஒரு நாட் கூலியே செலவு. தாமதம் அரை நிமிடமாயிற்று. அதே விதிப்படி பெருக்கம் 10 வரையும், நேரம் 4 நிமிடமும் வைக்கலாம். முன்பு தொல்லை கொடுத்த 9ஐவிட இது மிகுதி என்பதைக் குழுவினர் முதலில் நம்பவில்லை. தாளில் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

பம்பின் வடிகட்டியில் பஞ்சுத்தூசி அடைத்தால் நீரோட்டம் தளர்ந்து தாமதம் மீண்டும் நீளும். ஆதலால் வடிகட்டியை வாரந்தோறும் கழுவுமாறு சாயமேஸ்திரியிடம் சொல்லி வந்தோம்.